கிளினிக் நாளுக்கும் ஒரு பெயர் வேண்டும்

செத்த வீட்டுக்குக் காசு சேர்ப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. விடியக்கருக்கலில் சாவுச் செய்தி வந்தால் பிரட்டுக்கு முதலே பந்தல் கம்பு வந்து சேரும். பகலைக்குள் மரண சகாய சங்கக் கொப்பியோடு பொருளாளர் லயத்து வாசலில் நிற்பார். பேச்சுவார்த்தை இல்லாத வீடும் கொடுக்கும். சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சாதவர்கூட பக்கத்துக் காம்பராவில் கைமாற்று வாங்கிக் கொடுப்பார். திருவிழா வரியும் அப்படித்தான். இதை நமக்கு எந்தத் துரையும் சொல்லித் தரவில்லை. நாமே பழகிக்கொண்ட நல்ல பழக்கம் இது.

ஆனால் அதே லயத்தில் ஒரு பிள்ளைக்கு மாதா மாதம் கிளினிக் போகப் பஸ் காசு இல்லை, மாத்திரை முடிந்து இரண்டு வாரம், பிள்ளை மறுபடியும் விழத் தொடங்கிவிட்டது என்றால், அதற்கென்று ஒரு கொப்பி எந்தத் தோட்டத்திலும் நான் பார்த்ததில்லை. செத்த பிறகு கொடுக்கத் தயாராக இருக்கும் நாம், சாகாமல் இருக்கக் கொடுப்பதை ஏனோ யோசிக்கவே இல்லை. எங்கள் தோட்டக் கமிட்டியில் இதைச் சொன்னபோது, “டீச்சர், வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், எழுதிக் கொடுங்கள்” என்றார் தலைவர். அதனால்தான் எழுதுகிறேன். நான் எழுதுவது வலிப்பு நோயைப் பற்றி.

என் மகளுக்கு நான்கு வயதில் வலிப்பு தொடங்கியது. இப்போது ஒன்பது வயது. மூன்று வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. மற்றப்படி எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடுகிறாள், தம்பியோடு சண்டை பிடிக்கிறாள், கணக்குப் பாடம் என்றால் மூக்கால் அழுகிறாள். இதை எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். “என் பேரைப் போடாம எழுதுங்கம்மா” என்றாள்.

அவளோடு அதே கிளினிக்கில், அதே வாங்கில் உட்கார்ந்து வைத்தியம் தொடங்கிய ஒரு பையன் இருக்கிறான். தாய் கொழுந்து எடுப்பவர். தகப்பன் கொழும்பில் கடை வேலை. அவனுக்கும் அதே மாத்திரையைத்தான் எழுதினார்கள். அவன் இன்னும் மாதத்தில் இரண்டு மூன்று தடவை விழுகிறான். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. போன மழைக்காலத்தில் அடுப்புப் பக்கம் விழுந்து கையில் சூடு. பாடசாலைக்கு வருவது நின்று பல மாதமாகிறது.

ஏன் இப்படி என்று கேட்டால் லயத்தில் பத்துப் பதில் சொல்வார்கள். குலதெய்வக் குற்றம் என்பார்கள், தாய் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது கருமாதி வீட்டில் சாப்பிட்டாள் என்பார்கள். சரியான பதில் செக்ரோலில் இருக்கிறது. நான் அரசாங்க ஆசிரியர். கிளினிக் நாளில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். மாதச் சம்பளத்தில் ஒரு சதம் குறையாது. அந்த அக்கா போனால் அன்றைக்குப் பெயர் இல்லை. 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை தீர்மானித்த 1350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை வைத்தே பாருங்கள். மாதம் ஒரு கிளினிக் என்றால் வருடத்துக்கு 12 பெயர், 16,200 ரூபா. இது வெறும் பெயர்க் காசு. ரோட்டுக்கு இறங்க ஓட்டோ, டவுனுக்குப் பஸ், பிள்ளை பசி என்றால் ஒரு பணிஸ், ஒரு தேத்தண்ணி, எல்லாம் வேறு. சின்னப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்ற கவலை அதற்கு மேல்.

மாத்திரை இலவசம் என்று எல்லாரும் சொல்கிறோம். உண்மைதான், அரசாங்க வைத்தியசாலையில் மாத்திரைக்குக் காசு இல்லை. மாத்திரை வரைக்கும் போகிற வழிக்குத்தான் காசு. அந்த வழியில் எத்தனை பிள்ளைகள் நின்றுபோகிறார்கள் என்பதுதான் சங்கம் கேட்க வேண்டிய கேள்வி.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அதில் பெரும்பாலானோர் நம்மைப் போன்ற வசதி குறைந்த நாடுகளில் இருப்பவர்கள். சரியாகக் கண்டுபிடித்துச் சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இதில் “ஒழுங்காக” என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கொழும்பில் இருப்பவருக்கு அது லேசான சொல். மலை உச்சி டிவிசனில் இருப்பவருக்கு அது மாதம் ஒரு பெயர்.

நோய் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளை வேலை செய்வது சின்னச் சின்ன மின்சாரத் துடிப்புகளால்தான். சில நேரம் அந்தத் துடிப்பு கட்டுமீறி ஒரேயடியாக அடிக்கும். அதுதான் வலிப்பு. பிரசவ நேரத்தில் பிள்ளைக்கு மூச்சு முட்டியிருக்கலாம், மூளைக்காய்ச்சல் வந்திருக்கலாம், தலையில் பலமாக அடிபட்டிருக்கலாம். காரணமே தெரியாமலும் வரும். என் மகளுக்குக் காரணம் தெரியவில்லை என்றுதான் டொக்டர் சொன்னார். அது ஒட்டுநோய் இல்லை. நுரை பட்டால் தொற்றும் என்பது பொய். விழுந்த பிள்ளையைத் தொட்டுத் தூக்கலாம், அதே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம், அதே பாயில் படுக்கலாம்.

காய்ச்சலோடு வருகிற வலிப்பு வேறு. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது வலிப்பு வரும். அவர்களில் பெரும்பாலானோருக்குப் பிற்பாடு வலிப்பு நோய் வருவதில்லை. ஆனாலும் முதல் தடவை என்றால் வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் சகோதரிகள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தாய் மலையில் இருக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளை அவர்கள் கையில்தான்.

கோயில் விசயத்தையும் பேசாமல் விட முடியாது. நான் சாமி கும்பிடுகிறவள். கோடாங்கி வைத்துப் பார்க்கிற வீடுகளைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. டொக்டர் இருபது மைல் தள்ளி இருக்கிறார், பூசாரி பக்கத்து லயத்தில் இருக்கிறார், தாய் எங்கே முதலில் ஓடுவாள்? ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடராசர் சிலையைப் பார்த்தால் காலுக்கடியில் ஒரு குள்ள உருவம் இருக்கும். அவன் பெயர் முயலகன். பழைய தமிழ் நூல்களில் வலிப்பு நோய்க்கு முயலகன் நோய் என்றே பெயர். வடமொழியில் அபஸ்மாரம். சிங்களவரும் அபஸ்மாரய என்கிறார்கள், பேச்சில் வலிப்புவ என்று நம் சொல்லையே சொல்கிறார்கள். பெரிய புராணத்தில் கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு இந்த நோய். எந்த மருத்துவத்திலும் தீராமல் அவளைக் கோயிலில் எல்லார் கண் முன்னும் கிடத்தியிருந்தான், அங்கே வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாடினார், தீர்ந்தது என்று வருகிறது. நான் கவனித்தது வேறு இடத்தை. ஓர் அரசன் தன் மகளுக்கு வந்த நோயை ஒளிக்கவில்லை. முதலில் மருத்துவம் பார்த்தான், பிறகு நடுக்கோயிலுக்குக் கொண்டுவந்தான். நாம் என்ன செய்கிறோம்? பின் காம்பராவில் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். விபூதி பூசுங்கள், நூல் கட்டுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற பூசாரியிடம் மட்டும் போகாதீர்கள்.

இனி, ஒருவர் விழும்போது என்ன செய்வது. இதை வெட்டி எடுத்து இஸ்தோப்பில் ஒட்டி வைத்தால் நல்லது.

முதலில் நேரம் பாருங்கள். போனில் மணி பார்த்தால் போதும். பயத்தில் ஒரு நிமிசம் பத்து நிமிசமாகத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். அடுப்பு, கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, சூடான கேத்தல், கல்படி எதுவும் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள். மலையில் விழுந்தால் கானுக்குள் உருளாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தலைக்குக் கீழே கொழுந்துப் படங்கையோ ஸ்வெட்டரையோ மடித்து வையுங்கள். கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். கை கால் அடிப்பதை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். எலும்பு முறிந்த கதை உண்டு. அடிப்பு குறைந்ததும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியும், மூச்சு அடைக்காது.

வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். கரண்டி, துணி, விரல், எதுவும் வேண்டாம். நாக்கை விழுங்கிவிடுவார் என்பது தவறான பயம், நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கரண்டியால் பல் உடைந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர், தேத்தண்ணி, மாத்திரை எதையும் முழு நினைவு வரும்வரை கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் போகும். சாவிக் கொத்தும் இரும்பும் கையில் கொடுப்பது நம் ஆட்களின் பழைய வழக்கம். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிசத்தில் தானாக நிற்கும், அந்த நேரத்தில் சாவி கையில் இருந்ததால் சாவிக்குப் பெயர் வந்துவிட்டது. வெங்காயம், செருப்பு எல்லாம் அதே கதைதான்.

ஐந்து நிமிசத்துக்கு மேல் அடித்துக்கொண்டே இருந்தால், நின்று நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால், தலையில் அடிபட்டிருந்தால், பீலியிலோ தொட்டியிலோ தண்ணீருக்குள் விழுந்திருந்தால், பிள்ளைத்தாச்சி என்றால், வாழ்க்கையில் முதல் தடவை என்றால், தாமதிக்காமல் வைத்தியசாலை. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். லயத்து வாசலுக்கு வண்டி ஏறாத தோட்டங்களில், எந்த இடத்துக்கு வண்டி வரும், அங்கே வரை யார் தூக்குவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். விழுந்த நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதில் பயனில்லை.

நின்ற பிறகு பிள்ளை குழம்பிப்போய் இருக்கும், தூங்கும். உடுப்பு நனைந்திருக்கும். அந்த நேரத்தில் சுற்றி நிற்கும் கூட்டம்தான் பிள்ளைக்குப் பெரிய தண்டனை. கண் விழித்ததும் இருபது முகம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது? ஒருவர் பக்கத்தில் இருங்கள், மற்றவர்கள் விலகிப் போங்கள். ஒருவர் மட்டும் போனில் வீடியோ எடுங்கள். ஊருக்குக் காட்ட அல்ல, டொக்டருக்குக் காட்ட. டொக்டர் வலிப்பை நேரில் பார்ப்பது அபூர்வம், நாம் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார். சிங்களத்தில் சொல்லத் தெரியாத தாய்க்கு அந்த அரை நிமிச வீடியோ பெரிய உதவி. காட்டியதும் அழித்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புகிறவரைச் சங்கம் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லா வலிப்பும் விழுந்து அடிப்பதாக இருக்காது. வகுப்பில் சில பிள்ளைகள் சொல்வதெழுதுதல் எழுதிக்கொண்டே இருந்து பத்து விநாடி அப்படியே நின்றுவிடுவார்கள். கண் ஓரிடத்தில் குத்தி நிற்கும், இமை துடிக்கும், கூப்பிட்டால் கேட்காது. பிறகு ஒன்றும் நடக்காதது போல எழுதுவார்கள். கொப்பியைப் பார்த்தால் நடுவில் இரண்டு சொல் இருக்காது. இதைப் பராக்கு என்று நினைத்துப் பிரம்பெடுப்பவர்கள் உண்டு. ஒரு நாளைக்குப் பல தடவை இப்படி வரும் பிள்ளை படிப்பில் பின்தங்காமல் என்ன செய்யும்? பெற்றோரே, ஆசிரியர் “உங்கள் பிள்ளை கனவு காண்கிறான்” என்று புகார் சொன்னால் வீட்டிலும் கவனியுங்கள். சோறு தின்னும்போது கை அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.

வைத்தியசாலையில் இ.இ.ஜி. என்று ஒரு பரிசோதனை எழுதுவார்கள். தலையில் சிறு வயர்களை ஒட்டி மூளையின் துடிப்பைக் கோடுகளாகப் பதிவார்கள். “பிள்ளைக்குக் கரண்ட் வைக்கிறார்கள்” என்று பயந்து வராமல் விட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். கரண்ட் எதுவும் ஏற்றுவதில்லை, மூளையில் இருப்பதைப் பதிவது மட்டும்தான். வலியே இல்லை. என் மகள் அதற்குள் தூங்கிவிட்டாள்.

மாத்திரை பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இரண்டு மாதம் வலிப்பு வரவில்லை என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். திடீரென நிறுத்தினால் முன்னையைவிட மோசமாக, நிற்காமல் அடிக்கலாம், உயிருக்கே ஆபத்து. சில வருடம் வலிப்பில்லாமல் போனால் டொக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதைப் பற்றி யோசிப்பார். அதை அவர்தான் சொல்ல வேண்டும். 2022 நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டு வெளியே வாங்கச் சொன்ன காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நேரம் பாதி மாத்திரையாக உடைத்துக் கொடுத்து நாளைக் கடத்திய தாய்மார் இருந்தார்கள். அப்படி ஒரு மாதத்துக்குக் கைகொடுக்க ஏதாவது ஒரு பெட்டியில் காசு இருந்திருக்க வேண்டும். நித்திரை குறைந்தாலும் சிலருக்கு வலிப்பு வரும். அதனால் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் இந்தப் பிள்ளையை விடியவிடிய விழிக்க வைக்காதீர்கள். சாமி ஒன்றும் கோபிக்காது.

வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் விசயம் இன்னும் சிக்கல். கலியாணம் குழம்பும் என்று ஒளிக்கிறார்கள். கலியாணம் முடிந்ததும் புருசன் வீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று மாத்திரையையே நிறுத்துகிறார்கள், மாதம் கழியாமல் புகுந்த வீட்டில் விழுகிறார்கள். இந்த நோய் உள்ளவர்கள் கலியாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். ஆனால் சோடியம் வல்ப்ரோவேட் என்ற மாத்திரை கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. அதை எடுக்கும் பெண் பிள்ளை தாயாகும் முன்பே டொக்டரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. நம் குடும்பநல மருத்துவிச்சிமாரிடம் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வேலை செய்கிற வயதில் உள்ளவர்களுக்கும் இதே பயம்தான். தெரிந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று கங்காணியிடம் சொல்லாமல் செங்குத்து மலையில் ஏறுகிறார்கள், ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆபத்தில்லாத வேலையை அதே சம்பளத்துக்குக் கேட்டு வாங்குவது தோட்டத் தலைவரின் பொறுப்பு. நோயைச் சொன்னதற்காக ஒருவரின் பெயர் குறைந்தால் அது தொழிற்சங்கப் பிரச்சினை. அந்த வீட்டுக்காரரின் தலைவிதி என்று விட்டுவிட முடியாது.

இப்போது காசுக்கு வருகிறேன். ஒரு டிவிசனில் 100 குடும்பம் என்று வையுங்கள். வீட்டுக்கு மாதம் 50 ரூபா. மாதம் 5000 ரூபா சேரும். இரண்டு மூன்று பிள்ளைகளின் கிளினிக் பயணத்துக்கும், மருந்து தட்டுப்படும் மாதத்தில் வெளியே வாங்குவதற்கும் அது பெரிதாகக் கைகொடுக்கும். பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் அந்தச் செலவுக்கும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். வலிப்புக்கு மட்டும் என்று கட்டிப்போட வேண்டியதில்லை. தொய்வு, நீரிழிவு, இருதயக் கிளினிக் போகும் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான்.

கமிட்டியில் இதற்கு ஒரு தோழர் சொன்ன எதிர்ப்பு நியாயமானது. “தொழிலாளி தொழிலாளிக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு உட்காரும்” என்றார். 1912 ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொடக்கம் தோட்டத்தில் வேலை செய்பவரின் வைத்தியம் தோட்டத்தின் கடமை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதியது. 1992 இல் முகாமைத்துவம் கம்பெனிகளுக்குப் போன பிறகு அந்தக் கடமை எங்கே இருக்கிறது என்று கேட்டால் கம்பெனி அரசாங்கத்தைக் காட்டுகிறது, அரசாங்கம் கம்பெனியைக் காட்டுகிறது. தோழர் சொல்வது அந்த இடத்தில் முழுச் சரி.

ஆனால் கம்பெனி சம்மதிக்கும் வரை அந்தப் பையனின் மூளை காத்திருக்காது. ஒவ்வொரு வலிப்பிலும் அவன் அடுப்பில் விழலாம், பீலியில் விழலாம். வேலைநிறுத்தக் காலத்தில் நாம் உலை வைக்க அரிசி சேர்க்கிறோமே, அதனால் போராட்டம் பலவீனப்பட்டதா? இரண்டையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். நிதியைத் தொடங்கும் அதே மாதத்தில், நாட்பட்ட நோயுள்ள பிள்ளையைக் கிளினிக் கொண்டுபோகும் தாய்க்கோ தகப்பனுக்கோ மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் பெயர் வேண்டும் என்று சங்கக் கிளை எழுத்தில் கேட்க வேண்டும். கிளினிக் கொப்பியில் திகதியும் முத்திரையும் இருக்கிறது, பொய் சொல்ல இடமில்லை. பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும் தலைவர்கள் சம்பள உயர்வுக்குக் கீழே இந்த ஒரு வரியையும் எழுதிக்கொண்டு போகட்டும். கம்பெனிக்கு இது ஒரு டிவிசனில் மாதம் சில பெயர், அவ்வளவுதான். நிதிக் கணக்குக் கொப்பியே நமக்குச் சாட்சியாகவும் இருக்கும்: இந்தத் தோட்டத்தில் இத்தனை கிளினிக் நாள், இத்தனை பெயர் இழப்பு என்று காட்டலாம்.

காசு இல்லாதவர் கொடுக்க வேறு வழியும் இருக்கிறது. கிளினிக் நாளில் சின்னப் பிள்ளையைப் பிள்ளை மடுவத்திலிருந்து கூட்டி வந்து சோறு கொடுங்கள். சிங்களம் தெரிந்த இளைஞர் ஒருவர் கூடப் போய் டொக்டர் சொல்வதைத் தாய்க்குச் சொல்லட்டும். ஓட்டோ வைத்திருக்கும் தம்பிமார் மாதம் ஒரு தடவை பாதிக் காசுக்கு ரோட்டில் இறக்கிவிடட்டும். மார்ச் 26 ஆம் திகதியை உலகமெங்கும் வலிப்பு நோய்க்கான ஊதா நாளாக நடத்துகிறார்கள். 2008 இல் கனடாவில் கெசிடி மேகன் என்ற சிறுமி தொடங்கியது, அவளுக்கும் இதே நோய்தான், அப்போது ஒன்பது வயது. நாமும் ஊதாத் துணி கட்டலாம், தப்பில்லை. அதோடு அன்று காலைப் பிரட்டில் பத்து நிமிசம் கேட்டு வாங்கி, ஒருவரைப் படுக்க வைத்து ஒரு பக்கமாகச் சரிப்பது எப்படி என்று எல்லாருக்கும் செய்துகாட்டினால் அதுதான் மலையில் உதவும்.

நிதியை நடத்தும் விதம் பற்றி என் அபிப்பிராயம். காசைச் செக்ரோலில் வெட்டக்கூடாது. சம்பளச் சீட்டில் ஏற்கெனவே வெட்டுப்படுவது போதும், விரும்பிக் கையால் கொடுப்பதாக இருக்க வேண்டும். மரண சகாய சங்கப் பொருளாளரிடமே இதையும் கொடுக்காமல், மாதர் சங்கத் தலைவி ஒருவர், பிள்ளை மடுவச் சகோதரி ஒருவர், பாடசாலையிலிருந்து ஒருவர் என்று மூன்று பேர் வைத்திருக்கட்டும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார் என்று பார்த்துக் கொடுக்கக்கூடாது. வேறு சங்கத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் வலிப்பு அதே மாதிரித்தான் வருகிறது. திருவிழாவில் மைக் பிடித்து “இன்னார் வீட்டு உபயம்” என்று வாசிப்பது போல இதில் யார் பெயரையும் வாசிக்கக்கூடாது, கொடுத்தவர் பெயரும் வேண்டாம், வாங்கியவர் பெயரும் வேண்டாம். மாத முடிவில் பிரட்டுக்களத்துப் பலகையில் மூன்று வரி போதும்: வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. யாருக்குப் போனது என்பது அந்த மூன்று பேரோடு இருக்கட்டும்.